அதிபரை யார் தேர்ந்தெடுப்பது? 1787 கோடையில் எடைபோடப்பட்ட வழிகள்

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நவம்பர் மாதத்தில் நம் செய்தித்தாள்களில் ஒரு பெட்டிச் செய்தி வரும். அமெரிக்காவில் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் சார்பில் வாக்களிக்க, மாநிலவாரியாக 538 தேர்வாளர்கள் இருக்கிறார்கள். 270 பேரின் ஆதரவு கிடைத்தால் வெற்றி. கணக்கு சரிதான். 2000-லும் 2016-லும் கூடுதல் வாக்கு வாங்கியவர் ஏன் தோற்றார் என்பதற்கும் அந்தக் கணக்கே விளக்கம். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் முன்னால் வேறு என்னென்ன வழிகள் இருந்தன, அவற்றை ஏன் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள் என்பதை மட்டும் அந்தப் பெட்டி சொல்லாது.

அந்த வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கப் போகிறேன். முடிந்தவரை 1787-ல் வாழ்ந்த ஒருவனாக, அப்போது தெரிந்திருந்ததை மட்டும் கையில் வைத்துக்கொண்டு. என் அளவுகோல் ஒரே கேள்வி: பதவிக்கு வருகிறவர் யாருக்குக் கடன்பட்டிருப்பார்? நாட்டுக்குப் புதிய அரசியல் சாசனம் எழுதப் பிலடெல்பியாவில் மாநாடாகக் கூடியவர்கள் ஏறக்குறைய நான்கு மாதம் சுற்றிச் சுற்றி வந்து முட்டிக்கொண்டதும் இதில்தான். சாமானியர் பக்கமா மேட்டுக்குடி பக்கமா என்ற இன்றைய சண்டையை அவர்கள் தலையில் ஏற்றிப் படித்தால் பாதி விவாதம் புரியாமலே போய்விடும்.

1787 மே 25 அன்று பென்சில்வேனியா அரசு மாளிகையில் வேலை தொடங்கியது. 13 மாநிலங்களில் ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. மற்ற 12 மாநிலங்களிலிருந்து வந்து போனவர்கள் மொத்தம் 55 பேர். எத்தனை பேர் வந்தாலும் மாநிலத்துக்கு ஒரே வாக்கு. எல்லா மாநிலமும் எல்லா நாளும் அவையில் இருந்ததில்லை, அதனால் வாக்குகளின் கூட்டுத்தொகை நாளுக்கு நாள் மாறும். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்று விதி போட்டுக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் நாள்தோறும் குறிப்பெடுத்து வைத்தார். அது அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1840-ல். யார் என்ன சொன்னார் என்று இன்று நம்மால் பேச முடிவது பெரும்பாலும் அந்தக் குறிப்பின் புண்ணியம்.

அதுவரை நாட்டை நடத்திவந்த கூட்டமைப்பு விதிகளில் ஆட்சித் தலைவர் என்ற பதவியே கிடையாது. மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடும் சபையான காங்கிரஸ் தீர்மானம் போடும். நிறைவேற்ற ஆள் இருக்காது. ஜார்ஜ் மன்னரின் ஆளுநர்களிடம் பட்டது ஆறாத நிலையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். மாநிலங்களிலும் அதே பயம். பல மாநிலங்களில் ஆளுநரைச் சட்டமன்றமே ஆண்டுதோறும் நியமித்தது. பென்சில்வேனியா ஒருபடி மேலே போய், ஆளுநரே வேண்டாம் என்று ஒரு மன்றத்தின் கையில் நிர்வாகத்தைக் கொடுத்திருந்தது.

ஜூன் 1 அன்று, ஆட்சித் தலைமை ஒரே ஆளிடம் இருக்கட்டும் என்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் முன்மொழிந்தபோது சபை வாயடைத்துப் போனது. ‘கணிசமான நேரம் யாரும் பேசவில்லை’ என்று மேடிசன் எழுதி வைத்திருக்கிறார். 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளின்தான், இது முக்கியமான விஷயம், மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கிளப்பிவிட்டார். முடியாட்சியின் கரு இது என்றார் வர்ஜீனியாவின் எட்மண்ட் ராண்டால்ஃப். தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதே அறையில் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதவி வந்தால் முதலில் உட்காரப் போவது அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்துக்கு எதிரே, இந்தப் பதவிக்கு வருகிறவன் கெட்டுப்போவான் என்று பேசுவது எப்படி? பலர் வாஷிங்டனை மனதில் வைத்திராவிட்டால் அதிபருக்கு இவ்வளவு அதிகாரம் போயிருக்காது என்று தென் கரோலைனாவின் பியர்ஸ் பட்லர் அடுத்த ஆண்டு ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

ஒரே ஆள் என்பது ஜூன் 4-ல் முடிவானது. அந்த ஒருவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் செப்டம்பர் வரை இழுத்தது.

காங்கிரஸே தேர்ந்தெடுக்கட்டும்

மாநாட்டின் முதல் வரைவான வர்ஜீனியா திட்டத்தில் இருந்தது இந்த வழி. இன்று படிப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: கோடைக்காலத்தின் பெரும்பகுதியில் மாநாட்டின் அதிகாரபூர்வ முடிவும் இதுவே. ஜூன் 2-ல் 8-க்கு 2 என்று ஏற்றார்கள். ஜூலை 17-ல் ஒருமனதாக உறுதிசெய்தார்கள். இரண்டே நாளில் கைவிட்டார்கள். ஜூலை 24-ல் திரும்பவும் இதற்கே வந்தார்கள்.

இதற்கு ஆதரவான வாதம் பலவீனமானதில்லை. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு நாட்டின் பெரிய மனிதர்களைத் தெரியும். யாருக்குத் திறமை, யாருக்கு வாய் மட்டும் என்று அறிவார்கள். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் இன்னும் நேராகப் பேசினார்: ஆட்சித் தலைவர் என்பவர் காங்கிரஸின் விருப்பத்தை நிறைவேற்றும் கருவி, எனவே அவர் காங்கிரஸை முழுக்கச் சார்ந்திருப்பதே சரி. கடன்பட்டிருக்கட்டுமே, அதற்குத்தானே நியமிக்கிறோம் என்பது அவர் நிலை. பிற்காலத்து நாடாளுமன்ற ஆட்சிமுறையின் வாடை இதில் அடிக்கிறது.

ஆனால் 1787-ல் அந்த முறை பிரிட்டனிலேயே முற்றாகத் திரண்டிருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1783 டிசம்பரில், மக்களவையில் பெரும்பான்மை இருந்த அமைச்சரவையை மூன்றாம் ஜார்ஜ் வீட்டுக்கு அனுப்பிவிட்டு 24 வயது வில்லியம் பிட்டைப் பிரதமராக்கியிருந்தார். பதவியும் ஓய்வூதியமும் கொடுத்து அரசர் உறுப்பினர்களை வாங்கும் இடமாகத்தான் அமெரிக்கர்கள் லண்டன் நாடாளுமன்றத்தைப் பார்த்தார்கள். ஆகவே பயம் இருபக்கமும் ஓடியது. காங்கிரஸ் அதிபரை ஆட்டிவைக்கும். இல்லையென்றால் மறுபடி தேர்வாக ஆசைப்படும் அதிபர் பதவிகளைக் காட்டிக் காங்கிரஸை வளைத்துப் போடுவார்.

இந்த இரண்டாவது பயத்துக்கு மருந்தாக ஏழு ஆண்டு, ஒரே ஒரு தடவை என்று வைத்தார்கள். பென்சில்வேனியாவின் குவர்னீர் மாரிஸ் அந்த மருந்தைத்தான் பிடித்துக்கொண்டார். நன்றாக ஆண்டால் மறுபடி வரலாம் என்ற ஆசைதான் ஒருவனை ஒழுங்காக நடக்க வைப்பது. அதை வெட்டிவிட்டால், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று அவனிடம் சொல்வதாகும் என்றார். போப்பாண்டவரைக் கார்டினல்கள் பூட்டிய அறைக்குள் தேர்ந்தெடுப்பது போலச் சூழ்ச்சியும் கோஷ்டிச் சண்டையும்தான் மிஞ்சும் என்பது அவருடைய இன்னொரு அடி.

போலந்தும் அடிக்கடி பேச்சில் வந்தது. பிரபுக்கள் கூடி அரசரைத் தேர்ந்தெடுத்த நாடு. 1764-ல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் தன் ஆளை அங்கே அரியணையில் அமர்த்தினார். எட்டே ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்த நாட்டைத் துண்டு போடத் தொடங்கிவிட்டன. கனடாவில் பிரிட்டனும் மிசிசிபிக்கு அப்பால் ஸ்பெயினும் உட்கார்ந்திருந்த காலத்தில் இதை வெறும் கற்பனைப் பயம் என்று தள்ள முடியாது. ஒரே ஊரில், தெரிந்த பெயர்களுடன், நிரந்தரமாகக் கூடியிருக்கும் சபையை விலைபேசுவது எளிது.

ஆயினும் இந்த வழியைக் கடைசியில் கவிழ்த்தது கொள்கையைவிட ஓர் எண்ணிக்கைச் சிக்கல். காங்கிரஸ் தேர்ந்தெடுக்கும் என்றால் எப்படி வாக்களிக்கும்? இரண்டு சபையும் தனித்தனியாகவா, ஒன்றாக உட்கார்ந்தா? ஆகஸ்ட் 24-ல் ஒன்றாகவே என்று 7-க்கு 4 என முடிவாயிற்று. ஒன்றாக உட்கார்ந்தால், மக்கள்தொகைப்படி அமையும் பிரதிநிதிகள் சபையின் தலை எண்ணிக்கையில், மாநிலங்களுக்குச் சம இடம் உள்ள செனட் கரைந்துவிடும். பெரிய மாநிலங்கள் வைத்ததே சட்டம். அப்படியானால் மாநிலத்துக்கு ஒரு வாக்கு கொடுங்கள் என்று சிறிய மாநிலங்கள் கேட்டன. 5-க்கு 6 என்று தோற்றது. அதுவரை இந்த வழிக்குத் தலையாட்டி வந்த சிறிய மாநிலங்களுக்கு அன்றோடு இதில் பிடிப்பு போயிற்று.

மக்களே நேரடியாக

இதைச் சளைக்காமல் சொல்லி வந்தவர் வில்சன். ஸ்காட்லாந்தில் பிறந்த வழக்கறிஞர்; சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1779 அக்டோபரில், பணக்காரர்களின் ஆள் என்று ஆத்திரப்பட்ட ஆயுதக் கூட்டம் ஒன்று பிலடெல்பியாவில் அவர் வீட்டை முற்றுகையிட்டது, உயிர்ச்சேதமே ஆனது. தெருவின் கோபத்தை வாசலில் பார்த்தவர்தான் எட்டு ஆண்டு கழித்து, மக்கள் கையிலேயே விடுங்கள் என்று பேசினார். இந்த மாநாட்டில் எனக்குப் பிடித்த ஆள் அவர் என்பதை மறைக்கப் போவதில்லை.

வில்சனிடம் சான்றும் இருந்தது. நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் ஆளுநரை வாக்காளர்களே தேர்ந்தெடுத்து வந்தார்கள், குடிமுழுகிப் போகவில்லை. கடன் கேள்விக்கும் இதுவே நேரான விடை. எல்லோருக்கும் கடன்பட்டவர் எந்தக் கோஷ்டிக்கும் கடன்பட்டவர் ஆக மாட்டார்.

ஜூலை 17-ல் வாக்குக்கு விட்டார்கள். 9-க்கு 1. பென்சில்வேனியா மட்டும் ஆதரவு. நிறங்களைப் பிரித்துச் சொல்லும் வேலையைக் குருடனிடம் கொடுப்பது போலாகும் என்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் சொன்னதை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வரியை மட்டும் படித்தால் சாமானியர்மேல் வெறுப்பு என்று தோன்றும். மேசன் அதே மூச்சில் சொன்ன காரணம், நாட்டின் பரப்பு அவ்வளவு பெரியது, வேட்பாளர்களைச் சீர்தூக்கும் அளவுக்கு மக்களுக்குத் தகவல் போய்ச் சேராது என்பது. பாஸ்டனில் ஒரு செய்தி நடந்தால் சவானாவுக்குப் போகச் சில வாரங்கள் ஆகும் காலம். வாஷிங்டனுக்கு அடுத்து நாடு முழுக்கத் தெரிந்த பெயர்களை எண்ண விரல்கள் போதும். ஆளாளுக்குத் தன் மாநிலத்துக்காரனுக்குப் போடுவான், யாருக்கும் பெரும்பான்மை வராது என்று ஷெர்மனும் சொன்னார்.

மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கிளப்பிய பயம் இதைவிடச் சுவாரசியமானது. மக்கள் சிதறிக் கிடக்கிறார்கள்; நாடு முழுக்கக் கிளை பரப்பிய ஒரே ஒரு அமைப்பு இருந்தால் போதும், அது நினைத்தவரே அதிபர் என்றார். அவர் மனதில் இருந்தது சின்சினாட்டி சங்கம்: புரட்சிப் போரின் முன்னாள் ராணுவ அதிகாரிகள் வைத்திருந்த, வாரிசு உறுப்பினர் முறை கொண்ட அமைப்பு. அதன் தலைவர் வாஷிங்டன்! கட்சி என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. ஆனால் கட்சி என்ன செய்யும் என்பதை ஜெர்ரி ஏறத்தாழ வரைந்து காட்டிவிட்டார்.

இவை எல்லாம் உரக்கச் சொல்லப்பட்ட காரணங்கள். அதே ஜூலை 17-ல் வட கரோலைனாவின் ஹ்யூ வில்லியம்சன் இன்னொன்றைப் போட்டு உடைத்தார். மக்கள் தத்தம் மாநிலத்தவருக்கே போடுவார்கள், ஆகவே மிகப் பெரிய மாநிலம் வெல்லும். ஆனால் அது வர்ஜீனியாவாக இருக்காது, ஏனென்றால் அதன் அடிமைகளுக்கு வாக்கு கிடையாது என்றார். இரண்டு நாள் கழித்து மேடிசன் அதையே நாசூக்காகச் சொன்னார். மக்கள் தேர்ந்தெடுப்பதே தன்னளவில் மிகத் தகுந்த வழி; ஆனால் வாக்குரிமை வடக்கில் பரவலாக இருக்கிறது, தெற்கில் இல்லை; கறுப்பர்களின் எண்ணிக்கையால் தெற்குக்கு அந்தத் தேர்தலில் ஒரு செல்வாக்கும் கிடைக்காது; தேர்வாளர்களை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். இதை அவர் சங்கடத்தோடு சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று குறிப்பிலிருந்து பிடிபடவில்லை. தன்னிடமும் அடிமைகள் இருந்த மனிதர் அவர்.

மாநிலங்கள் வழியாக, அப்புறம் சில விசித்திரங்கள்

மாநில ஆளுநர்கள் கூடித் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஜெர்ரி ஜூன் 9-ல் கேட்டார். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. ஒன்றிய அரசுக்கு அடங்கப் பிடிக்காத பன்னிரண்டு பதின்மூன்று பேர் சேர்ந்து தங்களுக்கு மேலே பலமான ஒருவரை உட்கார வைப்பார்களா? மாநிலச் சட்டமன்றங்கள் நியமிக்கும் தேர்வாளர்கள் என்ற வழி கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஜூலை 19-ல் ஏற்று 24-ல் தூக்கிப் போட்டார்கள். அதிபரைத் தேர்ந்தெடுப்பதற்காக மட்டும் தகுதியுள்ள ஒருவர் ஜார்ஜியாவிலிருந்து அத்தனை தூரம் பயணம் செய்வாரா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நியூஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் கொண்டுவந்த திட்டத்தில் ஒருவருக்குப் பதில் பலர் சேர்ந்த நிர்வாகக் குழு. அவர்களைக் காங்கிரஸ் தேர்ந்தெடுக்கும். மாநில ஆட்சித் தலைவர்களில் பெரும்பான்மையோர் கேட்டால் நீக்கலாம். அந்தத் திட்டம் மொத்தமாகவே விழுந்தது.

ஜூன் 18-ல் நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஹாமில்டன் நாள் முழுக்கப் பேசி, ஒழுங்காக நடக்கும்வரை வாழ்நாள் பதவி என்றார். பாராட்டினார்கள், பின்பற்றவில்லை. சீட்டுக் குலுக்கும் யோசனைகூட வந்தது: காங்கிரஸ் உறுப்பினர்களில் 15 பேருக்கு மேற்படாமல் குலுக்கி எடுத்து, அவர்கள் உடனே ஒதுங்கி உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று வில்சனே ஜூலை 24-ல் சொன்னார். யார் பெயர் விழும் என்று முன்கூட்டித் தெரியாததால் யாரையும் விலைக்கு வாங்க முடியாது. அறிவாளித்தனமான யோசனை, நாட்டின் தலைவிதியைக் குலுக்கலுக்கு விட மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. நமக்கு ஒன்றுமே புரிபடவில்லை என்ற பொருளில் அன்று ஜெர்ரி சலித்துக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது.

தேர்வாளர்கள்

தேர்வாளர் யோசனையை வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. மேரிலாந்து தன் 1776 சாசனப்படி மாநில செனட்டை இப்படித்தான் தேர்ந்தெடுத்து வந்தது: வாக்காளர்கள் தேர்வாளர்களை அனுப்புவார்கள், அவர்கள் கூடி செனட்டர்களைத் தேர்வார்கள். ஜூன் 2-ல், நேரடித் தேர்தல் எடுபடாது என்று கண்டதும், வில்சன் இதை ஒட்டிய ஒரு திட்டத்தை வைத்தார். மாநிலங்களை மாவட்டங்களாகப் பிரிப்பது; ஒவ்வொரு மாவட்டத்தின் வாக்காளர்களும் தேர்வாளர்களை அனுப்புவது; அவர்கள் ஓரிடத்தில் கூடி, தங்களில் ஒருவரல்லாத ஆளை அதிபராக்குவது. 8-க்கு 2 என்று தோற்றது. ஆதரித்த இரண்டு: பென்சில்வேனியா, மேரிலாந்து.

ஆகஸ்ட் 24-ல் மக்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் என்ற அதே கருத்து மறுபடி வந்தபோது 5-க்கு 6 என்று மயிரிழையில் தவறியது. மேலே சொன்ன இரு சபை வாக்குச் சண்டை நடந்த அதே நாள். அலுத்துப்போன மாநாடு, மிச்சம் கிடந்த எல்லாவற்றையும் அப்போது அவையில் இருந்த மாநிலங்களுக்கு ஒருவர் வீதம் 11 பேர் கொண்ட குழுவிடம் தள்ளிவிட்டது. செப்டம்பர் 4-ல் அந்தக் குழு கொண்டுவந்ததுதான், சிறு மாற்றங்களோடு, இன்றைய ஏற்பாடு. குழு முதலில் காங்கிரஸ் வழிக்கே போகவிருந்தது என்றும், மக்களின் ஆள் என்று சொல்ல முடியாதவருக்கு இவ்வளவு அதிகாரத்தை மக்கள் தர மாட்டார்கள் என்று தான் வாதாடியதும் மேடிசன் காகிதத்தை எடுத்துத் தேர்வாளர் முறையை எழுதினார் என்றும் டெலவேரின் ஜான் டிக்கின்சன் 1802-ல் ஒரு கடிதத்தில் நினைவுகூர்ந்தார். பதினைந்து ஆண்டு கழித்து ஒருவர் தன் பங்கைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்பாட்டின் நுட்பம் சிறிய விதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள், செனட்டர்கள் எண்ணிக்கையைக் கூட்டினால் வரும் அளவு தேர்வாளர்கள். காங்கிரஸ் உறுப்பினரோ ஒன்றிய அரசில் பதவி வகிப்பவரோ தேர்வாளர் ஆகக் கூடாது. எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதில்லை. அவரவர் மாநிலத்தில், ஒரே நாளில் வாக்களித்து, முத்திரையிட்ட பட்டியலை அனுப்பிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஜார்ஜியாக்காரரின் பயணச் செலவுப் பிரச்சினை தீர்ந்தது, சூழ்ச்சிக்கும் இடமில்லை. இவ்வளவு தூரத்தில் பிரிந்து, ஒரே நேரத்தில் வாக்களித்தால் கூடிப் பேசிச் சதி செய்ய முடியாது என்று மாரிஸ் விளக்கினார். ஆளுக்கு இரண்டு வாக்கு. அதில் ஒன்றாவது வெளி மாநிலத்தவருக்கு. சொந்த ஊர்ப் பாசத்துக்கு அது கடிவாளம். கலைந்து போகும் சபைக்கு அதிபர் எப்படிக் கடனைத் திருப்பித் தர முடியும்? எனவே மறுதேர்தலுக்கு நிற்கலாம். ஏழு ஆண்டு நான்காகக் குறைந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்ததும் மற்றவை தாமாக அவிழ்ந்தன.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் செனட் தேர்ந்தெடுக்கும் என்று குழு எழுதியிருந்தது. இருபதில் பத்தொன்பது தடவை அப்படித்தான் முடியும் என்று மேசன் பொருமினார். செனட்டுக்கு ஏற்கெனவே அதிகாரம் மிஞ்சிவிட்டது என்று மற்றவர்களும் குரலெழுப்ப, செப்டம்பர் 6-ல் பிரதிநிதிகள் சபைக்கு மாற்றினார்கள். ஆனால் மாநிலத்துக்கு ஒரு வாக்கு வீதம். பெரிய மாநிலங்கள் ஆட்களை முன்னிறுத்தும், சிறியவை கடைசியில் பொறுக்கி எடுக்கும் என்று ஆளுக்கொரு ஆறுதல்.

இனி இதன் இருண்ட பக்கம். பிரதிநிதிகள் எண்ணிக்கையில் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாகக் கணக்கிடுவது என்று ஜூலையில் செய்த பேரம், ஒரு சொல்லும் புதிதாக எழுதாமல், அதிபர் தேர்தலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் அடிமைகள் நீங்கலாக ஏறத்தாழ 4,55,000 பேர்; பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 4,30,000 பேர். கிட்டத்தட்ட சமம். அதன்பின் வர்ஜீனியாவுக்குக் கிடைத்த தேர்வாளர்கள் 21, பென்சில்வேனியாவுக்கு 15. வர்ஜீனியாவின் 2,92,000 அடிமைகளின் பெயரால் அவர்களின் எசமானர்களுக்கு வந்த கூடுதல் அது. 1800 அதிபர் தேர்தலில் வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்கு, மாசசூசெட்ஸின் ஜான் ஆடம்ஸுக்கு 65. அந்தக் கூடுதல் இல்லாவிட்டால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டு அதிபர் நாற்காலியில் இருந்தவர்கள் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்கள்.

என் வாக்கு எதற்கு

அந்த அறையில் எனக்கு ஓர் இருக்கை இருந்திருந்தால் நேரடித் தேர்தலைத்தான் கேட்டிருப்பேன் என்று இங்கிருந்து சொல்வது சுலபம். 9-க்கு 1 என்று தோற்கும் தீர்மானத்தைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. தெற்கு அதை ஒருநாளும் ஏற்றிருக்காது. காங்கிரஸ் வழியை நான் முழுக்க வெறுக்கவில்லை. ஷெர்மனின் தர்க்கத்தை ஒளிவு மறைவின்றி ஏற்று, வேண்டும்போது நீக்கும் உரிமையோடு சேர்த்திருந்தால் அது ஒழுங்கான முறையாகவே வளர்ந்திருக்கக்கூடும். ஏழு ஆண்டு, ஒரே தடவை, மாற்ற முடியாது என்று அவர்கள் பின்னிய வடிவம்தான் மோசம்: பொறுப்பும் இல்லை, சுதந்திரமும் இல்லை.

எனவே தேர்வாளர்கள். ஆனால் செப்டம்பர் வடிவத்தைவிட வில்சனின் ஜூன் வடிவத்தையே தேர்வேன்: மாவட்டம் மாவட்டமாக, மக்கள் வாக்கால், சாசனத்திலேயே எழுதிவைத்து. ஓரிடத்தில் கூடுவது என்ற ஒன்றை மட்டும் செப்டம்பர் வடிவத்தின்படி மாற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் வடிவத்தில் என் கண்ணை உறுத்துவது ஒரு சிறு வாசகம். தேர்வாளர்களை ஒவ்வொரு மாநிலமும் ‘தன் சட்டமன்றம் வகுக்கும் முறையில்’ நியமிக்கும் என்று எழுதிவிட்டார்கள். மக்களா, சட்டமன்றமா, மாவட்டமா, மொத்த மாநிலமா என்ற நான்கு மாதச் சண்டையை அப்படியே மாநிலத் தலைநகரங்களுக்கு ஏற்றுமதி செய்த வாசகம் அது. உடன்பாடு கிடைத்ததும் அதனால்தான்.

விளைவு உடனே தெரிந்தது. 1789-ல் நடந்த முதல் தேர்தலிலேயே நியூயார்க் சட்டமன்றத்தின் இரு சபைகளும் முறை பற்றிச் சண்டையிட்டு, ஒரு தேர்வாளரைக்கூட அனுப்பவில்லை. 1800 தேர்தலுக்கு முன் வர்ஜீனியா மாவட்ட முறையைக் கைவிட்டு, மாநிலம் முழுவதும் வெல்பவருக்கே எல்லாத் தேர்வாளர்களும் என்று மாற்றியது. ஜெஃபர்சனுக்கு ஒரு வாக்கும் சிந்தக் கூடாது. எதிரணி ஆண்ட மாசசூசெட்ஸ் மாவட்ட முறையை எடுத்துவிட்டு நியமனத்தைச் சட்டமன்றத்திடமே கொடுத்தது. ஆடம்ஸுக்குச் சிந்தக் கூடாது. மற்ற மாநிலங்கள் சும்மா இருக்குமா? தென் கரோலைனா 1860 வரை மக்களைக் கேட்காமல் சட்டமன்றத்திலேயே தேர்வாளர்களை நியமித்தது.

தேர்வாளர் சுயமாக யோசிப்பார் என்ற எதிர்பார்ப்பு அதற்கு முன்பே செத்துவிட்டது. 1796-ல் ஆடம்ஸ் கட்சித் தேர்வாளராகப் போன பென்சில்வேனியாவின் சாமுவேல் மைல்ஸ், ஜெஃபர்சனுக்கு வாக்களித்தார். கொதித்துப்போன ஒரு வாக்காளர் பத்திரிகைக்கு எழுதினார்: எனக்குப் பதில் யோசிக்கவா அவரை அனுப்பினேன்? செய்யத்தான் அனுப்பினேன், யோசிக்க அல்ல. 1787-ல் எண்ணிப் பார்க்காத கட்சி வந்து உட்கார்ந்துவிட்டது. எது அதிபருக்கு, எது துணை அதிபருக்கு என்று பிரிக்காமல் ஆளுக்கு இரண்டு வாக்கு என்ற நுட்பமும் அதனால் 1800-ல் ஜெஃபர்சனுக்கும் அவர் கட்சியின் துணை வேட்பாளர் ஆரன் பர்ருக்கும் 73-73 என்று சமமாகி, பிரதிநிதிகள் சபை 36 தடவை வாக்கெடுக்க வேண்டிய கூத்தில் முடிந்தது. 1804-ல் 12-வது திருத்தம் அதை மட்டும் சரிசெய்தது.

சாசனத்தை வகுத்தபோது எங்கள் மனதில் பெரும்பாலும் இருந்தது மாவட்ட முறைதான் என்று மேடிசன் 1823-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதைத் திருத்தமாகவே கொண்டுவரலாம் என்றும் சொன்னார். அப்படியென்றால் 1787 செப்டம்பரில் ஏன் எழுதவில்லை என்று அவரைக் கேட்கத் தோன்றுகிறது. இதை வைத்து இன்றைக்கும் மாவட்ட முறையே நல்லது என்று நான் வாதாட மாட்டேன். மேய்னும் நெப்ராஸ்காவும் இப்போது ஏறத்தாழ அப்படித்தான் செய்கின்றன. அதே முறையை 2012-ல் நாடு முழுக்கப் பொருத்தினால், ஏறக்குறைய 50 லட்சம் வாக்கு குறைவாக வாங்கிய மிட் ரோம்னி அதிபராகியிருப்பார். தொகுதி எல்லைகளை ஆளுங்கட்சி கோணல்மாணலாக வரையும் நாட்டில் அது வேறு ஆபத்து.

இன்றைய மாற்றங்களில் நேரடித் தேர்தலுக்கான சாசனத் திருத்தம் ஒருமுறை நெருங்கி வந்தது. 1969-ல் பிரதிநிதிகள் சபை 338-க்கு 70 என்று நிறைவேற்றியது. 1970-ல் செனட்டில் பேசியே இழுத்தடித்துக் கொன்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு காங்கிரஸும் 38 மாநிலங்களும் ஒத்துக்கொள்ள வேண்டிய திருத்தத்தை நம்பி இப்போது யாரும் இல்லை. அதற்குப் பதில் ஓர் ஒப்பந்தம் மாநிலம் மாநிலமாகக் கையெழுத்தாகி வருகிறது: எங்கள் மாநிலத்தில் யார் வென்றாலும் சரி, நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்கள் போவார்கள் என்று. 2007-ல் முதலில் சேர்ந்தது மேரிலாந்து. சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை 270-ஐத் தொட்டால்தான் அது உயிர்பெறும். அதற்குச் சட்ட ஆதாரமாக அவர்கள் காட்டுவது, நான் மேலே குறைசொன்ன அதே ‘சட்டமன்றம் வகுக்கும் முறையில்’ என்ற வாசகத்தை. மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்யக் காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும் என்று சாசனத்தின் முதல் பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது. அது இதற்குப் பொருந்துமா என்பதில்தான் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள்.